குடிக்காதவரின் ஈரல்

டாக்டர்கள் சொல்வதைக் கொளஞ்சியம்மாள் நம்பின அளவுக்கு நான் மாதாவைக்கூட நம்பினதில்லை. இதைப் பங்குச் சாமியாரிடம் சொல்ல முடியாது. உங்களிடம் சொல்லலாம்.

எங்கள் ஊர் நைனார்பாளையத்துக்குப் பக்கம். சத்துணவுத் திட்டம் வந்த வருஷம் எனக்கு அமைப்பாளர் வேலை கிடைத்தது. கணவனை இழந்தவள் என்பதால் கொளஞ்சியம்மாளுக்கு அங்கேயே சமையல் உதவியாளர் வேலை கிடைத்தது. அன்றிலிருந்து ஒரே கூடத்தில் ஒரே புகையில் கண்ணைக் கசக்கிக்கொண்டு கிடந்தோம். ஊரில் என்னை டீச்சர் என்பார்கள். அவளை டாக்டரம்மா என்பார்கள். என்னைச் சொல்வது மரியாதைக்கு, அவளைச் சொல்வது கேலிக்கு.

தடுப்பூசி போட நர்ஸ் வந்தால், ஓடி ஒளிகிற தாய்மார்களைத் தெருத் தெருவாகப் பிடித்து இழுத்து வருவது அவள்தான். மல்லாட்டைக் காலம் வந்துவிட்டால் இன்னும் மோசம். மல்லாட்டை என்றால் எங்கள் பக்கத்தில் வேர்க்கடலை. பறிக்கப் போகிற பெண்களுக்குக் கூலியே மல்லாட்டைதான். அந்தக் கொட்டையை ஆய்ந்துகொண்டிருப்பவர்கள் வீட்டுக்குள் நுழைந்து, முறத்தை வாங்கி, பூஞ்சை பூத்தது, கறுத்தது, சுருங்கினது எல்லாவற்றையும் பொறுக்கித் தெருவில் எறிவாள்.

"இன்னாடி இது, எங்கூட்டு மல்லாட்டய நீ எடுத்து எறியற?" என்று சண்டைக்கு வருவார்கள்.

"தின்னா ஈரல் கெட்டுடும். எங்கூட்டுக்காரரு அப்டித்தான் போனாரு."

"டாக்டரம்மா சொல்லிட்டாங்கடி, கேட்டுக்கோ" என்று சிரிப்பார்கள். அவள் சிரிக்கவும் மாட்டாள், கோபப்படவும் மாட்டாள். எறிந்துவிட்டுப் போய்க்கொண்டே இருப்பாள்.

அவள் புருஷன் வேடியப்பனை நான் பார்த்ததில்லை. நான் இந்த ஊருக்கு வாழ்க்கைப்பட்டு வருவதற்கு முன்பே போய்விட்டார். ஆனாலும் அடுப்படியில் உட்கார்ந்து நூறு தரம் கேட்ட கதை என்பதால் நேரில் பார்த்த மாதிரிதான் இருக்கிறது. சின்னசேலத்தில் ஒரு மல்லாட்டை மில்லில் மூட்டை தூக்கினவர். கூட வேலை செய்தவர்கள் எல்லாரும் பொழுது சாய்ந்தால் சாராயத்துக்குப் போவார்கள். அவருக்கு அந்த நாற்றமே ஆகாது. "பொம்பள மாதிரி வூட்டுக்கு ஓடுறான் பாரு" என்று கேலி செய்வார்களாம். மில்லில் நனைந்து கெட்டுப்போன கொட்டையைக் கழித்துப் போடுவார்கள். அதை மடியில் கட்டிக்கொண்டு வந்து வறுத்துத் தின்பார். பசிக்கு அதுதான் அவருக்குப் பகல் சாப்பாடு.

வயிறு வீங்கி, கண் மஞ்சளாகி, கீழாநெல்லி அரைத்துக் குடித்து, மலையடிவாரத்தில் ஒரு வைத்தியர், சேலத்துப் பக்கம் இன்னொருவர் என்று அலைந்து கடைசியில் நகரத்தில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் கொண்டுபோய்ச் சேர்த்தாள். அங்கே ஒரு இளம் டாக்டர். முதல் நாளே கேட்டார்.

"குடிப்பாராம்மா?"

"தொட்டதே இல்லீங்க."

"எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க."

"வோணும்னா எங்க ஊர்ல வந்து கேட்டுப் பாருங்க."

அந்த மனுஷர் உண்மையிலேயே வந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை பஸ் பிடித்து வந்து மில்லில் கேட்டார், தெருவில் கேட்டார், சாராயம் விற்கிறவனைத் தேடிப்பிடித்து அவனிடமும் கேட்டார். அவன், "அந்தாளா? அந்தாளால எனக்கு ஒரு புண்ணியமும் இல்ல சார்" என்றானாம். இதைச் சொல்லும்போது மட்டும் கொளஞ்சியம்மாளின் உதட்டோரம் லேசாக இழுத்துக்கொள்ளும். சிரிப்பு என்றே வைத்துக்கொள்ளலாம்.

வேடியப்பன் பிழைக்கவில்லை. இறந்த அன்று டாக்டர் வந்து அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாராம். தரையில் உட்கார்ந்ததை அவள் ஒருதரமும் விடாமல் சொல்வாள்.

"குடிச்சுக் கெட்ட ஈரல் எங்ககிட்ட அலமாரி நெறைய இருக்கும்மா. குடிக்காமலே இப்படி ஆனது ஒண்ணுகூட இல்ல. உங்க வீட்டுக்காரரோடதை எங்களுக்குக் குடுப்பீங்களா? அந்தப் பூஞ்சை புடிச்ச கொட்டையால வந்திருக்கலாம்னு எனக்கு ஒரு சந்தேகம்."

"சந்தேகங்களா, நெசங்களா?"

"தெரியாதும்மா. தெரிஞ்சுக்கத்தான் கேக்கறேன். பத்து வருஷம்கூட ஆகலாம்."

தெரியாது என்று அவர் சொன்னதில்தான் இவள் விழுந்துவிட்டாள். அதுவரை பார்த்த வைத்தியர்கள் எல்லாருக்கும் எல்லாம் தெரிந்திருந்தது. ஒருவர் பித்தம் என்றார், ஒருவர் செய்வினை என்றார், ஒருவர் சூடு என்றார். வீடு தேடி வந்து விசாரித்துவிட்டு, அதற்குப் பிறகும் தெரியாது என்று சொல்கிற ஒருவரை அப்போதுதான் பார்த்தாள். சரி என்று கைநாட்டு வைத்தாள்.

ஒன்று மட்டும் கேட்டாள். சொந்தபந்தம் இல்லாத பொருள் மாதிரி அது அங்கே இருக்கக் கூடாது. தாலிக்கயிற்றின் நுனியில் தொங்கிக்கொண்டிருந்த துண்டை வெட்டித் தந்தாள். டாக்டர் கண்ணாடி ஜாடியைக் கொண்டுவரச் சொல்லி, அவளையே கட்டச் சொன்னார். ஜாடியின் கழுத்தில் மூன்று முடிச்சு போட்டாள். அதன்மேல் மூடியைச் சுற்றி மெழுகு ஊற்றினார்கள்.

"அவரு எனக்குப் போட்ட மூணு முடிச்ச நான் திருப்பிப் போட்டுட்டேன் டீச்சர்" என்பாள். அன்றைக்கு அழுகை வரவில்லையாம். அதற்குப் பிறகும் வரவில்லை. "மரத்துப் போச்சு. கால் மரத்துப் போனா உதறிக்கினு எழுந்துக்கலாம். இத இன்னா பண்றது?"

பெருமை என்று அவளுக்கு இருந்தது இந்த ஒன்றுதான். நிலம் கிடையாது, நகை கிடையாது, புருஷன் போட்டோகூடக் கிடையாது. ஆனால் குடிக்காத மனுஷனின் ஈரல் என்று எங்கேயோ ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் கண்ணாடிக்குள் வைத்திருக்கிறார்கள். அதைப் பார்த்துப் பார்த்துப் படிக்கிறார்கள். மகன் பூமாலையைத் தூங்க வைக்கிற கதையே இதுதான்.

அந்தப் பூமாலைதான் குடித்தான்.

சாராயக் கடைகளை அரசாங்கம் மூடியபோது நாங்கள் பெண்கள் எல்லாம் சந்தோஷப்பட்டோம். கடை மூடிக்கிடந்தால் என்ன, கல்வராயன் மலை திறந்துதான் இருந்தது. அங்கே காய்ச்சினதை லாரி டியூபில் நிரப்பி ராத்திரியோடு ராத்திரியாக இறக்கி, கரும்புக் காட்டில் ஒளித்து, காலையில் பாக்கெட்டாகக் கட்டி விற்றார்கள். பூமாலை கரும்பு டிராக்டர் ஓட்டினான். சர்க்கரை ஆலை வாசலில் வண்டிகள் வரிசையில் நிற்கும். அந்த வரிசையில்தான் பழகினான். கொஞ்ச வருஷத்தில் காலையில் பல் துலக்கும் முன்பே பாக்கெட்டைக் கடிக்கிற ஆளாகிவிட்டான். பெண்டாட்டி கமலா குழந்தையைத் தூக்கிக்கொண்டு திருநாவலூரில் தாய்வீட்டுக்குப் போய்விட்டாள்.

கொளஞ்சியம்மாள் சத்தம் போட்டுப் பார்க்கிறவள் இல்லை. அவள் சொன்னது ஒன்றுதான். "ஈரல் கெட்டுடும்டா. டாக்டருங்க சொல்றாங்க."

"அப்பா குடிச்சாரா? அவருக்கு ஏன் கெட்டுச்சி?" என்பான் அவன்.

அவளிடம் இருந்த ஒரே பெருமையே, அவனைத் தடுக்க இருந்த ஒரே பதிலையும் அடைத்துக்கொண்டு நின்றது.

அந்தச் சமயத்தில்தான் கள்ளக்குறிச்சியில் ஒரு கல்யாண மண்டபத்தில் குடிநோய் விழிப்புணர்வு முகாம் நடந்தது. எங்களைப் போன்ற சத்துணவு ஆட்களை ஊருக்குக் கொஞ்சம் குடிகாரர்களைக் கூட்டிவரச் சொல்லி உத்தரவு. ஆட்டை இழுக்கிற மாதிரிதான் இழுத்துக்கொண்டு போனோம். பூமாலை வருவான் என்று நான் நினைக்கவில்லை. அந்த வாரம் அவன் கால் வீங்கியிருந்தது. அவனுக்கே உள்ளுக்குள் பயம் போலிருக்கிறது. அம்மா கூப்பிட்டதும் சட்டையை மாட்டிக்கொண்டு பஸ் ஏறினான்.

மேடையில் மேசை, மேசைமேல் வெள்ளைத்துணி, துணிமேல் கண்ணாடி ஜாடி. உள்ளே மஞ்சளான தண்ணீரில், பழைய செருப்புத் தோல் மாதிரி மேடும் பள்ளமுமாக ஒன்று கிடந்தது. நகரத்திலிருந்து வந்த முகாம் டாக்டர் நன்றாகப் பேசினார். மைக் அவருக்குப் பிடித்திருந்தது.

"இது எங்கேயோ வெளியூர்லேர்ந்து வந்தது இல்ல. உங்க நைனார்பாளையம் பக்கத்து ஆளோடது. இருபது வருஷம் மலைச் சாராயம் குடிச்சவரு. இப்ப ஈரலைப் பாருங்க. வரிசையா வந்து பார்த்துட்டுப் போங்க. அப்புறமும் குடிக்கணும்னு தோணினா குடிங்க."

வரிசை நகர்ந்தது. பூமாலை எனக்கு முன்னால் போனான். ஜாடிமுன் எல்லாரையும்விடக் கொஞ்சம் அதிகமாகவே நின்றான். வெளியே வந்து வேப்பமரத்தடியில் குந்தினான். நெற்றியெல்லாம் வேர்வை.

"டீச்சர், எனக்கும் உள்ள அப்டித்தான் இருக்குமா?"

"இப்பவே நிறுத்தினா ஆகாதுடா" என்றேன். நானும் டாக்டர் மாதிரிதான் சொன்னேன், எனக்கென்ன தெரியும். ஆனால் அவன் முகத்தைப் பார்த்தபோது சந்தோஷமாக இருந்தது. வருஷக்கணக்காக யாரும் செய்யாததை அந்த ஜாடி செய்துவிட்டது என்று நினைத்தேன்.

கொளஞ்சியம்மாள் வரவில்லை. உள்ளே எட்டிப் பார்த்தேன். பின்னால் நிற்பவர்கள் நெட்ட நெட்ட, ஜாடி முன்னால் நட்ட கல்லாக நின்றாள். பிறகு டாக்டர் பக்கம் திரும்பி ஏதோ கேட்டாள். நான் கிட்டே போனேன்.

"இவரு குடிச்சவருங்களா?"

"ஆமாம்மா. பார்த்தாலே தெரியுதே."

"பாத்தாலே எப்டிங்க தெரியும்?"

"இப்படி இறுகிப் போறதுன்னா இந்தப் பக்கத்துல குடிதாம்மா. நகருங்க, பின்னாடி ஆளுங்க நிக்கிறாங்க."

அவள் நகர்ந்தாள். அப்போதும் எனக்கு ஒன்றும் புரியவில்லை. பஸ்ஸில் மூன்று பேர் சீட்டில் நான், அவள், ஜன்னல் ஓரம் பூமாலை. பஸ் ஊரைத் தாண்டிக் கரும்புக் காட்டுக்குள் வந்ததும் பூமாலைதான் பேசினான்.

"யம்மா. அந்த ஜாடி கழுத்துல கயிறு கட்டி இருந்துச்சி. மெழுவுக்குள்ள."

அவள் முன்சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"மூணு முடிச்சி."

எனக்கு அப்போதுதான் உறைத்தது. சின்ன வயதிலிருந்து கதை கேட்டுத் தூங்கினவன் அவன். அவளுக்கு எவ்வளவு தெரியுமோ அவ்வளவு அவனுக்கும் தெரியும்.

"அது அப்பாவோடதுதானே?" என்றான். அவள் முகத்தைப் பார்த்துவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தான். பஸ்ஸில் எல்லாரும் திரும்பிப் பார்க்கிற சிரிப்பு. "அப்பா தொட்டதே இல்லன்னு நீதான சொன்ன? அவரு ஈரலைக் கொண்டாந்து வெச்சிக்கினு குடிகாரன்னு சொல்றானுங்க. எல்லாம் டூப்பு. நான் வேற பயந்துகினு உக்காந்திருந்தேன் பாரு." அடுத்த நிறுத்தத்தில் இறங்குவதற்காக எழுந்தான். அங்கே இறங்கினால் கரும்புக் காடு, கரும்புக் காட்டுக்குள் பாக்கெட். எங்கள் மூன்று பேருக்கும் அது தெரியும்.

கொளஞ்சியம்மாள் அவன் சட்டையைப் பிடித்து உட்காரவைத்தாள்.

"உங்கப்பன் குடிச்சான்."

புருஷனை அவர், அவரு என்று தவிர அவள் சொல்லி நான் கேட்டதில்லை.

"இன்னா?"

"குடிச்சான். மறைச்சிக் குடிச்சான். மில்லுலேர்ந்து வர்ற வழியில குடிச்சிட்டு, வாயில மல்லாட்டய போட்டுக்கினு வருவான். எனக்குத் தெரியும். ஊருக்குத் தெரியாது. நான்தான் உங்கிட்டயும் மறைச்சிட்டேன்."

"அந்த டாக்டரு வந்து விசாரிச்சாருன்னு சொன்னியே?"

"சாராயக்காரன் கைல கால்ல விழுந்து சொல்லவெச்சேன்."

குரலில் ஏற்ற இறக்கமே இல்லை. கூடத்தில் இன்றைக்கு இத்தனை பிள்ளைகள் சாப்பிட்டார்கள் என்று எனக்குச் சொல்கிற அதே குரல். பூமாலை உட்கார்ந்துவிட்டான். அந்த நிறுத்தம் போயிற்று. எனக்கு வாயைத் திறந்து கத்த வேண்டும்போல இருந்தது. அவள் கை என் தொடைமேல் வந்து அழுத்தியது.

மறுநாளும் எனக்கு முகாமில் டூட்டி. நேராக டாக்டரிடம் போனேன். அவர் குடிக்காதவர் சார், குடிக்காதவர் என்றுதானே வாங்கினீர்கள் என்று மூச்சுவிடாமல் சொன்னேன். அவர் நல்ல மனுஷர்தான், நாற்காலி போட்டு உட்காரச் சொன்னார். வாங்கின டாக்டர் எப்போதோ வேறு ஊருக்குப் போய்விட்டாராம். ஜாடியில் ஒட்டியிருந்த காகிதம் உதிர்ந்து ஊர் மட்டும்தான் படிக்க முடிந்ததாம்.

"கள்ளக்குறிச்சிப் பக்கம், இப்படி ஒரு ஈரல்னா, வேற என்னம்மா இருக்கப் போகுது? குடிதான்னு எழுதிட்டோம். அப்படியே தப்பா இருந்தாலும் நல்ல காரியத்துக்குத்தானே பயன்படுது. குடிச்சா ஈரல் கெடும்கிறது பொய்யா?"

பொய் இல்லை. அதுதான் எனக்கு ஆத்திரம். உண்மையைச் சொல்வதற்கு ஒரு பொய்ச் சாட்சி எதற்கு? குடித்தவன் ஈரல் அலமாரி நிறைய இருக்கிறது என்றாரே அந்த முதல் டாக்டர், அதில் ஒன்றைத் தூக்கி வந்திருக்கக் கூடாதா? ஒருவர் பஸ் பிடித்து வந்து வீடு வீடாகக் கேட்டுத் தெரிந்துகொண்டதை, இன்னொருவர் உட்கார்ந்த இடத்திலிருந்தே அழித்துவிட்டார். பெரிய ஆஸ்பத்திரிக்கே எழுதிப் போடுகிறேன் என்று கொளஞ்சியம்மாளிடம் வந்து குதித்தேன்.

அவள் அரிசி களைந்துகொண்டிருந்தாள்.

"எழுதாத டீச்சர். பூமாலைக்குத் தெரிஞ்சிடும்."

"அது அப்பாவோடது இல்லன்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமேக்கா."

"கயித்தப் பாத்துட்டானே."

"அதுக்காக அவரப் போயி..."

"குடிச்சா ஈரல் கெடுமா, கெடாதா?"

"கெடும்."

"அப்புறம் இன்னா? டாக்டருங்க நெசத்தத்தான் சொல்றாங்க. ஆளுதான் மாறிப் போச்சு." களைந்த தண்ணீரை ஊற்றினாள். "பூமாலை இன்னிக்குக் குடிக்கல."

அவன் மறுநாளும் குடிக்கவில்லை. கை நடுங்கும், வாந்தி எடுப்பான், சுவரில் முட்டிக்கொள்வான். ஆஸ்பத்திரியில் கொடுத்த மாத்திரையைக் கொளஞ்சியம்மாள் வேளை தவறாமல் கொடுத்தாள். மெல்ல மெல்லத் தேறினான். ஆலை வாசலில் வண்டி வரிசையில் நின்றால் டீ குடித்தான். கமலா குழந்தையோடு திரும்பி வந்தாள். இவ்வளவும் நடந்தது. நான் மறுக்கவில்லை.

நடந்த இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பூமாலை திருந்தியவன் இல்லையா, திருந்தியவர்களுக்கு வாய் சும்மா இருக்காது. பார்க்கிறவர்களிடமெல்லாம், "எங்கப்பாவே குடிச்சித்தான் செத்தாரு, அவரு ஈரல நான் கண்ணால பாத்தேன்" என்று சொல்ல ஆரம்பித்தான். ஊர் பிடித்துக்கொண்டது. மல்லாட்டை ஆய்கிற இடத்துக்கு அவள் போனால், "இன்னா டாக்டரம்மா, கண்ணாடியில வெச்சது குடிகாரன் ஈரலாமே" என்றார்கள். "ஆமா" என்றாள். "அப்ப மல்லாட்டயால இல்லியா?" என்றார்கள். அதற்கு மட்டும் பதில் சொல்லாமல் பூஞ்சை பிடித்ததைப் பொறுக்கினாள். அவர்கள் முறத்தைப் பிடுங்கிக்கொண்டார்கள்.

வேடியப்பனின் தம்பி இருசப்பன் வாசலில் வந்து நின்று கத்தினார். "எங்கண்ணன் குடிச்சி நீ பாத்தியா? செத்தவன் வந்து கேக்கமாட்டான்னுதான இப்டிப் பேசற? உன் நாக்கு அழுவிடும்." அவருக்கும், "ஆமா, குடிச்சாரு" என்றாள். அன்றோடு அவர் அந்த வீட்டுப் படி ஏறுவதை நிறுத்திவிட்டார். நாங்கள் இரண்டு பேரும் தனியாக இருக்கும்போதுகூட அவள் அழவில்லை. நான்தான் அழுதேன்.

போகி வந்தது. எங்கள் பக்கத்தில் பொங்கலுக்கு முதல் நாள் செத்தவர்களுக்குப் படையல் போடுவார்கள். கிறிஸ்தவர்களான நாங்கள் கல்லறைத் திருநாளில் மெழுகுவர்த்தியும் பூவும் வைத்துவிட்டு வந்துவிடுவோம். செத்தவருக்கு என்ன பிடிக்கும் என்று யாரும் கேட்பதில்லை. அவர்கள் கேட்பார்கள். சுருட்டுப் பிடித்தவருக்குச் சுருட்டு, கருவாடு தின்றவருக்குக் கருவாடு. பிடித்ததை வைக்காவிட்டால் செத்தவர் ஏங்கிப் போவார் என்பது நம்பிக்கை. வேடியப்பனுக்கு அவள் வருஷாவருஷம் வைப்பது வெல்லமும் வறுத்த மல்லாட்டையும். ஒவ்வொரு கொட்டையாகப் பார்த்து நல்லதாகப் பொறுக்கி வறுப்பாள். அவர் உயிரோடு இருந்தபோது தின்னாத நல்ல கொட்டை.

போகிப் படையலுக்கு அவள் வீட்டில் எனக்கு ஒரு இலை உண்டு, கிறிஸ்துமஸுக்கு என் வீட்டில் அவளுக்கு. அன்றைக்குப் போயிருந்தேன். சுவரோரம் தலைவாழை இலை. போட்டோ கிடையாது என்பதால் மடித்து வைத்த புது வேட்டிதான் வேடியப்பன். வடை, சோறு, குழம்பு, வெல்லம், மல்லாட்டை எல்லாம் வைத்தாயிற்று. கொளஞ்சியம்மாள் கற்பூரத்தை எடுத்தாள்.

"இரும்மா" என்றான் பூமாலை.

மடியிலிருந்து ஒரு குவாட்டர் பிராந்தி பாட்டிலை எடுத்தான். மூடியைத் திருகி ஒரு டம்ளரில் ஊற்றி, மல்லாட்டைக்குப் பக்கத்தில் வைத்தான். நெடி வீடு முழுக்க ஏறியது.

"இத்தினி வருசமா அவருக்குப் புடிச்சத நீ வெக்கவே இல்ல. ஊருக்குப் பயந்துகினு. பாவம்மா அவரு. எவ்ளோ ஏங்கிப் போயிருப்பாரு?"

அவன் கண்ணில் தண்ணீர். கேலிக்கோ குறும்புக்கோ செய்யவில்லை. அப்பாமேல் பாசத்தில் செய்தான். அந்த நாற்றமே ஆகாது என்று வீட்டுக்கு ஓடி வந்த மனுஷனுக்கு முன்னால் அது டம்ளரில் நின்றது. நான் கொளஞ்சியம்மாளைப் பார்த்தேன். இப்போதாவது சொல்லிவிடுவாள் என்று நினைத்தேன். அவள் கற்பூரத்தைக் கொளுத்தி, மூன்று தரம் சுற்றிக் காட்டி, விழுந்து கும்பிட்டாள். எழுந்திருக்க மட்டும் கொஞ்சம் நேரமாயிற்று.

காக்காய்க்கு வைத்தாயிற்று. படைத்ததை வீட்டார் பங்கிட்டுத் தின்ன வேண்டும். படைத்த சாராயம் என்றால் அந்த வீட்டு ஆம்பளை குடிப்பது வழக்கம். பங்காளிகள் வந்திருந்தால் அவர்களில் ஒருவர் குடித்துவிடுவார். இருசப்பன்தான் வருவதில்லையே. அந்த வீட்டில் இருந்த ஒரே ஆம்பளை பூமாலை.

"கொட்டிடலாங்க" என்றாள் கமலா.

"படைச்சத மண்ணுல கொட்டுவாங்களா?" என்றான் பூமாலை. டம்ளரைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "ஒரே வாய்தான். அப்பா பங்கு. அதோட சரி."

அவன் கை நீண்டது. அதற்குள் கொளஞ்சியம்மாள் டம்ளரை எடுத்துவிட்டாள். எடுத்த வேகத்தில் வாயில் வைத்துக் கடகடவென்று முழுவதையும் குடித்தாள். பாட்டிலில் மிச்சம் இருந்தது. அதையும் கவிழ்த்துக் குடித்தாள். புரை ஏறியது, கண்ணில் தண்ணீர் வந்தது. மாதா சத்தியமாக, அடுப்புப் புகை இல்லாமல் அவள் கண்ணில் தண்ணீரை நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

"இன்னாம்மா பண்ணிட்ட?" என்று அலறினான் பூமாலை.

"உங்கப்பன் பங்கு எனக்குத்தான் சேரும். உனக்கு இல்ல" என்றாள். முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டு எல்லாருக்கும் இலை போட்டுப் பரிமாறினாள்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு போகிக்கும் பூமாலை மறக்காமல் பாட்டில் வாங்கி வந்து அப்பாவுக்கு ஊற்றுகிறான். அவள் எடுத்துக் குடிக்கிறாள். மற்ற நாட்களில் அந்த வீட்டில் யாரும் குடிப்பதில்லை. ஜாடி இன்னும் ஊர் ஊராகப் போய்க்கொண்டுதான் இருக்கும்.

அந்த முதல் போகிக்கு மறுநாள், பொங்கல் வைத்து முடித்த பிறகு, அவள் வீட்டுக்குப் போனேன். வாசலில் உட்கார்ந்து மல்லாட்டை உரித்துக்கொண்டிருந்தாள். தலை வலிக்கிறதா என்று கேட்டேன்.

"ஒண்ணும் தெரியல டீச்சர்."

"நேத்து விழுந்து கும்புட்டியே, அவருகிட்ட இன்னாக்கா சொன்ன?"

கையிலிருந்த கொட்டையை உரித்து முறத்தில் போட்டாள்.

"நீ குடிச்சன்னு ஊர்ல சொல்லிட்டேன். இரு, நானும் குடிச்சிடறேன், அப்பத்தான் சரிக்குச் சரின்னு சொன்னேன்."

நான் பக்கத்தில் உட்கார்ந்து இரண்டு கை கொட்டையை அள்ளி மடியில் போட்டுக்கொண்டேன். பூஞ்சை பிடித்தது ஒன்று என் பக்கம் வந்தது. அவள் அதை எடுத்துத் தெருவில் எறிந்துவிட்டு அடுத்ததை உரித்தாள்.